கேரவனோடு குயின்ஸ்லாந்தின் உட்பகுதிக்கு: ரோமாவிலிருந்து வின்டன் வரை ஒரு முழு வழிகாட்டி

ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனிலிருந்து கேரவனை (வண்டிக்குப் பின்னால் பூட்டி இழுக்கும் சக்கர வீட்டை) இழுத்துக்கொண்டு லாங்ரீச், வின்டன் பக்கம் போகலாம் என்று நினைப்பவர்கள் முதலில் பயப்படுவது வெறிச்சோடிய சாலையை நினைத்து. உண்மையில் இந்த வழியில் பாதி ஊர்களுக்கு இடையே நூறு கிலோமீட்டர்கூட இல்லை. தொந்தரவு வருவதெல்லாம் வேறு இடத்தில்: வீட்டு வாசலில் சாமான் ஏற்றும்போது, காலையில் வண்டியோடு கேரவனைப் பூட்டும்போது, மாலையில் அவசரமாகக் கழற்றும்போது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலை என்ற வரிசை தெரிந்தால் முக்கால்வாசிப் பிரச்சினை வராது. அந்த வரிசைப்படியே எழுதியிருக்கிறேன்.

1. மாதத்தை முதலில் முடிவு செய்யுங்கள்

ஏப்ரல் கடைசியிலிருந்து செப்டம்பர் வரைதான் சரியான காலம். அப்போது பகலில் இருபத்தைந்து டிகிரியை ஒட்டி இருக்கும், இரவில் நன்றாகக் குளிரும். நவம்பருக்கு மேல் வெயில் நாற்பதைத் தாண்டும், புயல்மழையும் அந்தச் சமயத்தில்தான் வரும்.

ஜூன் கடைசி, ஜூலை தொடக்கப் பள்ளி விடுமுறையில் போவதாக இருந்தால் லாங்ரீச், வின்டன் இரண்டு ஊர்களுக்கும் கேரவன் பார்க்கில் (கேரவனை நிறுத்தித் தங்கும் இடத்தில்) முன்கூட்டியே இடம் பிடித்துவிடுங்கள். நடுவில் உள்ள சின்ன ஊர்களுக்கு முன்பதிவு செய்யாமல் விடுவதே நல்லது. எல்லா இரவையும் முன்பதிவு செய்தவர், மழை வந்தாலும் டயர் போனாலும் அடுத்த ஊர் பார்க்குக்குக் கட்டிய பணத்தை நினைத்து ஓட்டுவார். அங்கேதான் தப்பு ஆரம்பிக்கிறது.

2. எடைக் கணக்கு: இதைத் தாண்டிவிட்டு மற்றதைப் பார்க்க வேண்டாம்

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான். விளம்பரத்தில் "3,500 கிலோ இழுக்கும்" என்று போட்டிருக்கும் வண்டியை வாங்கிவிட்டு, அதோடு கணக்கு முடிந்தது என்று நினைக்கிறார்கள். பார்க்க வேண்டிய எண்கள் நான்கு.

கேரவன் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது இருந்த எடை டேர். சாமான் எல்லாம் ஏற்றிய பிறகு அது அதிகபட்சம் இருக்கக்கூடிய எடை ஏ.டி.எம். இழுக்கும் வண்டி, ஆட்களோடும் சாமானோடும் சேர்த்துத் தாங்கக்கூடியது ஜி.வி.எம். வண்டியும் கேரவனும் சேர்ந்து இருக்கக்கூடிய மொத்த எடை ஜி.சி.எம். முதல் இரண்டும் கேரவனில் ஒட்டியிருக்கும் தகட்டில் இருக்கும். மற்ற இரண்டையும் வண்டியின் கையேட்டில் பாருங்கள்.

ஒரு உதாரணம். டேர் 1,950 கிலோ, ஏ.டி.எம். 2,500 கிலோ. ஏற்றக்கூடியது 550 கிலோ. நிறைய என்று தோன்றும். 80 லிட்டர் தண்ணீர்த் தொட்டி இரண்டு நிரப்பினால் 160 கிலோ போய்விட்டது. ஒன்பது கிலோ கேஸ் சிலிண்டர் இரண்டு, சிலிண்டரின் எடையும் சேர்த்தால் நாற்பது கிலோவை நெருங்கும். பின்னால் பொருத்திய ஏசி, கூடுதல் பேட்டரி, நிழலுக்கு விரிக்கும் சாய்ப்புத் துணி எல்லாம் டேரில் சேராமல் இருக்க வாய்ப்பு அதிகம். துணிமணி, பாத்திரம், நாற்காலி, மளிகை என்று ஏற்றினால் மீதி எங்கே போனது என்று தெரியாது.

இன்னொன்று. கேரவனின் முன்பகுதி வண்டியின் கொக்கி மீது அழுத்தும் எடை, பொதுவாகக் கேரவன் எடையில் பத்தில் ஒரு பங்கு. நம் உதாரணத்தில் வரும் அந்த 250 கிலோ வண்டியின் ஜி.வி.எம். கணக்கில் சேரும். நான்கு பேர், பின்னால் நிறையச் சாமான், மேலே ரூஃப் ரேக், அதோடு இந்த 250 என்றால் பல வண்டிகள் அங்கேயே வரம்பைத் தாண்டிவிடும். கேரவன் வரம்புக்குள் இருக்கும், வண்டி இருக்காது. விபத்து நடந்தால் காப்பீட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

அதனால் கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே, போகப்போவது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, டேங்க்கை நிரப்பி, பொது எடைமேடைக்குப் போய் நிறுத்துங்கள். கிளம்பும் அன்று எடை போட்டால் தெரிந்தும் பயனில்லை, எதையும் இறக்கி வைக்க இடம் இருக்காது.

3. அடுக்கும் முறை

கனமானது கீழே, சக்கரங்களுக்கு மேலாக. லேசானது மேல் அலமாரியில். பின்கோடியில் எடையைக் குவிக்காதீர்கள். கேரவனின் பின்பம்பரில் சைக்கிள், ஸ்டெப்னி, டீசல் கேன் என்று மாட்டிக்கொண்டு போவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். வால் கனத்தால் மூக்கு தூக்கும், வேகம் எடுத்ததும் கேரவன் இடமும் வலமுமாக ஆடத் தொடங்கும்.

அப்படி ஆடினால் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை மெல்ல எடுத்து, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, டேஷ்போர்டில் உள்ள பிரேக் கன்ட்ரோலரைக் கையால் அழுத்திக் கேரவனின் பிரேக்கை மட்டும் பிடிக்க வேண்டும். பின்னால் பிடித்து இழுத்தால் அது நேராகிவிடும். அந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு தொடத் தெரிந்திருக்க வேண்டும். கிளம்பும் முன் காலி இடத்தில் மெதுவான வேகத்தில் பழகிக்கொள்ளுங்கள். 2,000 கிலோவைத் தாண்டும் கேரவனுக்கு எல்லாச் சக்கரத்திலும் பிரேக்கும், கழன்றுபோனால் தானாகப் பிடிக்கும் பிரேக்அவே அமைப்பும் சட்டப்படி கட்டாயம்.

தேவையில்லாமல் எடுத்துப்போவதில் முதலிடம் டீசல் கேனுக்கு. இந்த வழியில் பங்க் இல்லாத மிக நீண்ட இடைவெளி லாங்ரீச்சுக்கும் வின்டனுக்கும் நடுவே, சுமார் 180 கிலோமீட்டர். ஒவ்வொரு ஊரிலும் பாதி டேங்க் இருக்கும்போதே நிரப்பினால் போதும். ஆனால் கேரவன் இழுக்கும்போது எரிபொருள் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு செலவாகும், எதிர்க்காற்று அடித்தால் இன்னும் கூடும் என்பதை மறக்காதீர்கள்.

4. பூட்டும் வரிசை

காலையில் இதைச் செய்யும்போது யாரோடும் பேச்சு கொடுக்காதீர்கள். பக்கத்து சைட்காரர் "எங்கே போறீங்க?" என்று சிரித்துக்கொண்டே வருவார். அந்த இரண்டு நிமிடத்தில்தான் ஏதாவது ஒன்று விட்டுப்போகும். ஒரு அட்டையில் எழுதிவைத்து, ஒருவரே ஆரம்பம் முதல் கடைசி வரை செய்ய வேண்டும். இன்னொருவர் சுற்றிவந்து சரிபார்க்கலாம். பாதி இவர் பாதி அவர் என்றால், "நீ பார்த்திருப்பாய் என்று நினைத்தேன்" என்பதில்தான் முடியும்.

முதலில் உள்ளே: கேஸ் மூடு, கூரை ஜன்னல்கள் மூடு, அலமாரிக் கொக்கிகள் போடு, டிவி ஆன்டெனாவை இறக்கு. பிறகு வெளியே: சாய்ப்பைச் சுருட்டு, மின்கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய் மூன்றையும் எடு, நான்கு மூலைக் கால்களையும் ஏற்று, படியை மடக்கு.

இப்போது வண்டியைப் பின்னால் எடுத்து, கேரவனின் மூக்கைக் கொக்கி மேல் இறக்கிப் பூட்டுங்கள். பூட்டியதும் ஒரு சோதனை: ஜாக்கி வீலைத் (கேரவனின் முன்பகுதியைத் தாங்கும் சிறு சக்கரத்தை) திருகிக் கேரவனின் மூக்கை இரண்டு அங்குலம் உயர்த்திப் பாருங்கள். வண்டியின் பின்பக்கமும் கூடவே எழும்பினால் சரியாகப் பூட்டியிருக்கிறது. எழும்பாமல் கேரவன் மட்டும் மேலே வந்தால் பூட்டு கவ்வவில்லை. பார்வைக்கு இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும், அதனால்தான் இந்தச் சோதனை.

சங்கிலிகளைக் கொக்கிக்குக் கீழே குறுக்காகப் போட்டு மாட்டுங்கள். கொக்கி கழன்றால் கேரவனின் மூக்கு தரையில் குத்தாமல் அந்தக் குறுக்குச் சங்கிலியில் தொங்கும். பிறகு பிளக், பிரேக்அவே கம்பி. ஜாக்கி வீலை முழுதாக ஏற்றிக் கட்டுங்கள். கேரவனின் ஹேண்ட்பிரேக்கை எடுங்கள். சக்கரத்துக்குக் கொடுத்த முட்டுக்கட்டையை எடுப்பது கடைசி வேலை. கிளம்பும் முன் ஒருவர் பின்னால் நின்று பிரேக் விளக்கு, இன்டிகேட்டர் பார்க்கட்டும்.

முதல் ஐம்பது கிலோமீட்டரில் ஒருமுறை ஓரமாக நிறுத்தி, ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் உள்ள ஹப்பின் அருகே புறங்கையைக் கொண்டுபோய்ப் பாருங்கள். ஒன்று மட்டும் கொதிக்கிறதென்றால் பேரிங் போகப்போகிறது, அல்லது பிரேக் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வீல் நட்டையும் அப்போதே முறுக்கிப் பார்த்துவிடுங்கள்.

5. மலை ஏற்றமும் ரோட் ட்ரெயினும்

பிரிஸ்பேனிலிருந்து வரும்போது முதல் சோதனை டூவூம்பா மலையேற்றம். 2019-ல் திறந்த சுங்கச் சாலையில் ஏற்றம் கொஞ்சம் எளிது. கேரவனோடு அதில் போவதே மேல், சுங்கத்துக்குக் கஞ்சம் பார்க்காதீர்கள். திரும்பி இறங்கும்போது உச்சியிலேயே கியரைக் குறைத்துவிடுங்கள். வேகம் பிடித்த பிறகு குறைக்கப் பார்த்தால் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போகும்.

மேற்கே போகப் போக ரோட் ட்ரெயின்கள், அதாவது பல டிரெய்லர்களைக் கோத்து இழுக்கும் நீண்ட லாரிகள், வரும். மூன்று டிரெய்லர் கோத்தது 53.5 மீட்டர் வரை நீளும். அதை முந்துவதைவிட, அது நம்மை முந்தும்போது நடந்துகொள்வதுதான் முக்கியம், ஏனென்றால் 90-ல் போகும் நம்மை அவர்கள் முந்தத்தான் செய்வார்கள்.

புதியவர்கள் மரியாதை காட்டுவதாக நினைத்து இடதுபக்கம் சரளைக்கல்லில் இறங்கிக்கொடுப்பார்கள். வேண்டாம். சக்கரம் சரளையில் சறுக்கும், கல் தெறித்து அவர் கண்ணாடியில் படும். உங்கள் தடத்தில் நேராக, ஒரே வேகத்தில் போய்க்கொண்டிருங்கள். அவர் வலதுபக்கம் வந்து உங்களோடு இணையாக ஓடத் தொடங்கியதும் ஆக்சிலரேட்டரை மட்டும் கொஞ்சம் தளர்த்துங்கள். கடைசி டிரெய்லர் தாண்டியதும் ஒருமுறை விளக்கை மின்னினால் அவர் உள்ளே வந்துவிடுவார். அவர் கடக்கும்போது காற்று முதலில் தள்ளும், பிறகு இழுக்கும். ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பாதீர்கள்.

யு.எச்.எஃப். ரேடியோ வைத்திருந்தால் 40-ம் சேனலில் லாரி ஓட்டுநர்களோடு பேசலாம். கேரவன்காரர்கள் 18-ல் இருப்பார்கள். 5, 35 இரண்டும் அவசரத்துக்கு மட்டும். "உங்களுக்குப் பின்னால் நான் கேரவனோடு இருக்கிறேன், முந்தலாமா?" என்று ஒரு வார்த்தை கேட்டால் பெரும்பாலும் அவரே நல்ல இடம் பார்த்துச் சொல்வார்.

ஒற்றைத் தார் போட்ட கிளைச் சாலைகளில் மட்டும் விதி தலைகீழ். எதிரே ரோட் ட்ரெயின் வந்தால் முழுதாக ஓரம் இறங்கி நின்று, தாரை அவருக்கு விட்டுவிடுங்கள்.

6. மூன்று மணிக்கு ஓட்டத்தை முடியுங்கள்

கங்காருக்கள் விடியலிலும் பொழுது சாய்ந்த பிறகும் சாலைக்கு வரும். வேலியில்லாத இடங்களில் மாடுகளும். குளிர்காலத்தில் ஆறு மணிக்கெல்லாம் இருட்டிவிடும். மூன்று மணிக்கு நிறுத்தினால் வெளிச்சத்திலேயே இடம் தேர்ந்து, மட்டம் பார்த்து, நிதானமாக டீ போடலாம். நல்ல இடங்களும் அந்த நேரத்துக்கு மேல் மிஞ்சாது.

சாலையில் செத்துக் கிடக்கும் கங்காரு மேல் பெரிய கழுகு உட்கார்ந்திருந்தால் நன்றாக வேகத்தைக் குறையுங்கள். வயிறு நிறைந்த கழுகு சட்டென்று எழும்பாது. காற்றுக்கு எதிராகத் தட்டித் தடுமாறி, சரியாக வண்டியின் கண்ணாடி உயரத்துக்குத்தான் வரும்.

7. ஊர்களும் தூரமும்

ரோமாவிலிருந்து மிட்செல், மார்வென், சார்லவில், ஒவ்வொன்றும் சுமார் தொண்ணூறு கிலோமீட்டர். சார்லவில்லிலிருந்து வடக்கே ஆகத்தெல்லா எண்பத்தைந்து, டாம்போ இன்னொரு நூற்றுப் பதினைந்து, பிளாக்கால் நூறு, பார்கால்டின் நூற்று ஐந்து, லாங்ரீச் நூற்றுப் பத்து. பிறகு வின்டன் 180.

ஒரு நாளுக்கு இருநூறுக்கு மேல் வேண்டாம். சார்லவில்லில் இரண்டு இரவு தங்குங்கள்: காஸ்மாஸ் சென்டரில் தொலைநோக்கி வழியாக வானம் பார்ப்பதற்கு ஒரு மாலை வேண்டும், பறக்கும் மருத்துவர் சேவையின் தளமும் அங்கே இருக்கிறது. பிளாக்காலில் பார்கூ ஆற்றங்கரையிலேயே கேரவன் நிறுத்தலாம், கடைத்தெரு நடக்கும் தூரம். அங்குள்ள நீராவிக் கம்பளி ஆலை 1908-லிருந்து 1978 வரை ஓடியது. அதைச் சுற்றிப்பார்க்க அரை நாள் ஒதுக்கலாம். பார்கால்டினில் 1891-ல் நடந்த, ஆட்டு ரோமம் கத்தரிக்கும் தொழிலாளர்களின் வேலைநிறுத்தத்தோடு சேர்ந்த மரத்தை 2006-ல் யாரோ விஷம் வைத்துக் கொன்றுவிட்டார்கள். அடிமரம் மட்டும் நினைவுச்சின்னத்துக்குக் கீழே நிற்கிறது. லாங்ரீச்சுக்கு முழுதாக இரண்டு பகல், குவான்டாஸ் விமான நிறுவன அருங்காட்சியகத்துக்கே ஒன்று போய்விடும்.

சனி மதியத்துக்கு மேல் சின்ன ஊர்களில் பல கடைகள் பூட்டிவிடும். அதனால் வெள்ளிக்கிழமை எந்த ஊரில் இருப்பீர்கள் என்று பார்த்து மளிகையைத் திட்டமிடுங்கள். இலவசமாகக் கேரவன் நிறுத்த இடம் கொடுக்கும் ஊரில் டீசலோ ரொட்டியோ ஏதாவது வாங்கிவிட்டுப் போவது முறை. டெல்ஸ்ட்ரா சிம் ஒன்றாவது கையில் இருக்கட்டும், மற்றவை ஊருக்கு வெளியே பெரும்பாலும் எடுக்காது. அதுவும் ஊர்களுக்கு இடையே அங்கங்கே போய்விடும் என்பதால் வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

8. நிறுத்தும் வரிசை

பார்க்கில் இடம் கேட்கும்போதே "டிரைவ்-த்ரூ சைட்" என்று கேளுங்கள். ஒருபக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறலாம், ரிவர்ஸ் எடுக்க வேண்டியதில்லை. மறுநாளும் அங்கேயே என்றால் பூட்டைக் கழற்ற வேண்டும், இல்லாவிட்டால் அப்படியே விட்டுத் தூங்கலாம்.

முதலில் பக்கவாட்டு மட்டம். ரசமட்டத்தைக் கேரவனின் தரையில் வைத்துப் பார்த்து, தாழ்ந்த பக்கச் சக்கரத்துக்குக் கீழே சரிவுப்பலகை வைத்து ஏற்றுங்கள். வண்டியோடு பூட்டியிருக்கும்போதுதான் இதைச் செய்ய முடியும், கழற்றிய பிறகு இடம்வலம் சரிசெய்ய வழியில்லை. அடுத்து ஹேண்ட்பிரேக், சக்கரத்துக்கு முட்டு. அதற்கு அப்புறம்தான் பூட்டைக் கழற்ற வேண்டும். முட்டுக் கொடுக்காமல் கழற்றினால் சரிவில் கேரவன் தன்பாட்டுக்கு நடக்கத் தொடங்கும். பிறகு ஜாக்கி வீலால் முன்பின் மட்டம். கடைசியில் மூலைக் கால்கள். அவை ஆட்டம் நிற்பதற்கு மட்டும், கேரவனைத் தூக்குவதற்கு அல்ல. அதை வைத்து மட்டம் பார்க்கப்போய்ச் சட்டகம் முறுகிக் கதவு மூடாமல் போனவர்கள் உண்டு.

மட்டம் வெறும் தூக்க சுகத்துக்காக அல்ல. கேஸிலும் ஓடும் பழைய வகை ஃப்ரிட்ஜ் சாய்ந்திருந்தால் குளிராது.

9. மின்சாரம், தண்ணீர், கழிப்பறை

கேரவன் கம்பி 15 ஆம்பியர், அதன் எர்த் பின் அகலமானது. வீட்டுச் சாக்கெட் 10 ஆம்பியர் என்பதால் நுழையாது. நுழைவதற்காகப் பின்னை அரத்தால் தேய்ப்பவர்கள் இருக்கிறார்கள். தீ பிடிப்பது அப்படித்தான். கம்பியைச் சுருட்டியபடியே வைத்து ஹீட்டர் போடாதீர்கள், சுருளிலேயே சூடேறும்.

இந்த ஊர்களில் பல, நிலத்தடி ஆர்ட்டீசியன் நீரை நம்பி இருப்பவை. குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்தாலும் வெதுவெதுப்பாக வரும், அழுகிய முட்டை வாடை அடிக்கும். குளிக்க அருமையான தண்ணீர். பாத்திரத்தில் பிடித்துப் பத்து நிமிடம் மூடாமல் வைத்தால் வாடை போய்விடும். டீக்கும் சோற்றுக்கும் மட்டும் தனிக் கேனில் நல்ல தண்ணீர் வைத்துக்கொள்ளுங்கள். குழாயில் மாட்டும் முன் அழுத்தம் குறைக்கும் வால்வைப் பொருத்துங்கள். சில ஊர்களில் தண்ணீர் வேகம் கேரவனின் உள்குழாயைப் பிய்த்துவிடும்.

கழிப்பறைப் பெட்டியை டம்ப் பாயின்ட்டில் (கழிவு கொட்டுவதற்கென்றே உள்ள இடத்தில்) மட்டும் காலி செய்யுங்கள். பக்கத்தில் இருக்கும் குழாய் கழுவுவதற்கு, அங்கே குடிநீர் பிடிக்கக் கூடாது. பெட்டி முழுக்க நிரம்பும் வரை காத்திருந்தால் தூக்க முடியாத கனம் ஆகிவிடும், தூக்கும்போது சிந்தவும் செய்யும்.

10. நம் சமையல்

தாளித்தால் கேரவனின் புகை அலாரம் அலறும். கடுகு வெடிக்கும் முன்பே கத்திவிடும். வெளியே மேசையில் ஒற்றை அடுப்பு வைத்துத் தாளியுங்கள், கேரவன் மெத்தையும் வெங்காய வாடை இல்லாமல் இருக்கும். சின்னக் குக்கர் ஒன்று கட்டாயம். கேஸும் தண்ணீரும் மிச்சமாகும். தோசை மாவை முக்கால் டப்பா மட்டும் நிரப்புங்கள், சாலைக் குலுக்கலில் பொங்கி வழியும். கறிவேப்பிலை, தேங்காய்த் துருவல், பருப்பு எல்லாவற்றையும் டூவூம்பாவுக்குள் வாங்கி முடித்துவிடுங்கள்.

ஃப்ரிட்ஜை முந்தைய இரவே மின்சாரத்தில் போட்டுக் குளிரவையுங்கள். பழைய வகை ஃப்ரிட்ஜ் ஓடும்போது 12 வோல்ட்டில் குளிரைக் காக்கும், புதிதாகக் குளிர வைக்காது.

11. மழை வந்தால்

பிளாக்காலிலிருந்து வின்டன் வரை பரந்து கிடக்கும் புல்வெளி அத்தனையும் கரிசல் மண். கோவில்பட்டிப் பக்கம் மழைக்குப் பின் வயலில் நடந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. காய்ந்தால் வெடித்துப் பாறைபோல் இருக்கும், பத்து மில்லிமீட்டர் மழையில் சக்கரத்தில் அப்பி, மட்கார்டுக்குள் ஏறி, சுற்ற விடாமல் செய்துவிடும்.

அதனால் ஆற்றங்கரையிலோ மண் தரையிலோ தங்கியிருக்கும்போது இரவில் மழை என்று வானிலை சொன்னால், மாலையே தார் போட்ட இடத்துக்கு மாறிவிடுங்கள். விடிந்து பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் மண் காயும்வரை அங்கேயேதான். மழை நின்றதும் கிளம்பக் கூடாது. கிளம்பினால் சாலையைக் கெடுத்த மாதிரியும் ஆகும். மூடிய சாலைக்குள் போனால் அபராதமும் உண்டு. காலையில் கிளம்பும் முன் குயின்ஸ்லாந்து போக்குவரத்துத் தகவலை 13 19 40-ல் கேட்டுக்கொள்ளுங்கள். நெடுஞ்சாலையில் தண்ணீர் ஓடினால், ஆழம் தெரியாவிட்டால் இறங்காதீர்கள். பெரும்பாலும் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

12. வின்டனில்

கேரவனை பார்க்கில் விட்டுவிட்டு, வண்டியை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றுங்கள். டைனோசர் காலடித் தடங்கள் உள்ள லார்க் குவாரி தென்மேற்கே 110 கிலோமீட்டர், வழியில் மண்சாலை வரும். வாடகைக் கேரவன் என்றால் ஒப்பந்தத்தைப் படித்துப் பாருங்கள், பல நிறுவனங்கள் மண்சாலையில் காப்பீடு தராது.

இங்கிருந்து வந்த வழியே திரும்பலாம். அல்லது கைனூனா, மக்கின்லே வழியாக குளோன்கரி வரை வடமேற்கே இன்னும் சுமார் 345 கிலோமீட்டர். கைனூனா வரை 165 கிலோமீட்டருக்கு நடுவே ஒன்றும் கிடையாது. போவதாக முடிவு செய்தால் வின்டனிலேயே டேங்க்கை நிரப்பி, டயர் காற்றைக் காலையில் டயர் சூடாவதற்கு முன் பார்த்துவிட்டு, எட்டு மணிக்கு மேல் கிளம்புங்கள்.